பீடத்தின் பெயரா, படிக்கப்போகும் துறையா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டு விறாந்தையில் மருமகன் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்துக்காக, ஒரு கொப்பித் தாளில் பொறியியல் பீடங்களை விருப்ப ஒழுங்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அழித்துக்கொண்டிருந்தான். மொறட்டுவை, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, தென்கிழக்கு, ஆகக் கடைசியில் யாழ்ப்பாணம். ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்டேன். "எல்லாரும் அப்பிடித்தான் மாமா போடுறவை" என்றான்.

அனுமதி இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன என்பது இங்கே ரியூசன் வாசலில் நிற்கும் பெற்றோருக்கும் மனப்பாடம். வெட்டுப்புள்ளியைத் தசமத்தின் நான்காம் தானம் வரை சொல்வார்கள். ஆனால் பீடத்துக்குள் நுழைந்த பிறகு இன்னொரு வடிகட்டல் இருப்பதை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். மொறட்டுவையில் முதல் அரையாண்டும் பேராதனையில் முதலாம் ஆண்டும் எல்லோருக்கும் பொதுவானவை. அதன் பின்னர் பெறுபேற்றின் ஒழுங்கிலேயே துறை கிடைக்கிறது. வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டி உள்ளே போகும் பிள்ளை, நாடு முழுவதிலுமிருந்து வந்த கெட்டிக்காரருடன், அதுவும் ஆங்கில மொழிமூலத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில், மறுபடி போட்டியிட வேண்டும்.

நான் அப்படிப் போனவன். மின்பொறியியல் படிக்கும் ஆசையோடு பெயர்பெற்ற ஒரு பீடத்தை முதலாவதாகப் போட்டேன். முதற் பரீட்சையில் சறுக்கியதால் நினைத்தே பார்த்திராத துறையொன்றில் பட்டம் பெற்றேன். ஊரில் பெயர் மட்டும் நன்றாகவே எடுபட்டது, கல்யாணப் பேச்சிலுங்கூட.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி, எந்தத் துறை என்பதே. குடிசார், கணினி, மின் இலத்திரனியல், இயந்திரவியல் ஆகியவற்றில் ஒன்றுதான் விருப்பம் என்றால், இந்த நான்கும் உள்ள, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்தைக் கடைசியில் தள்ளுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. இரசாயனப் பொறியியல்தான் வேண்டுமென்றால் பேராதனையையோ மொறட்டுவையையோ போட வேண்டும், அதில் வாதமில்லை. கொழும்பு நிறுவனங்களுக்கு அருகில் இருப்பது பயிற்சிக்காலத்தில் உதவும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் "அது புதுசு", "எங்கட ஆக்கள் மட்டும்தான்" என்ற இரண்டு பேச்சுகளும் பிழையானவை. அங்கே சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் படிக்கிறார்கள். புதுசு என்று பார்த்தால் பேராதனைப் பீடமும் ஒரு காலத்தில் புதுசுதான், 1950 இல் கொழும்பில் தொடங்கி, 1964 இல்தான் மகாவலிக் கரைக்குப் போனது.

தனியார் உயர்கல்வி நிறுவனங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். துண்டுப்பிரசுரத்தில் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து, காணியை ஈடுவைத்துப் பணம் கட்ட முன்னர், அந்தக் குறிப்பிட்ட பட்டநெறிக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் கட்டடத்துக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ கொடுக்கப்படுவதில்லை, ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வழிசெய்யும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 இல் முழு உறுப்புரிமை பெற்றதன் பலன் அந்த அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கே கிடைக்கும். பின்னாளில் அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ பொறியியலாளராகப் பதிய நினைப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

மருமகனுக்குக் கணினித் துறையில்தான் விருப்பம். இத்தனையையும் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்தை மூன்றாம் இடத்துக்கு ஏற்றினான். தேத்தண்ணியோடு வந்த தங்கச்சி தாளை எட்டிப் பார்த்து, "கனடாவில இருக்கிற பெரியண்ணையிட்ட ஒருக்கால் கேட்டிட்டு எழுதுவம்" என்றாள். அழிறப்பர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.