தடைக்காலத்துத் தகப்பன்

(பாம்பன். மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன; படகில் போகும் முருகேசனோ ஓரிடத்தில் நிற்காமல் ஊரைச் சுற்றிவிட்டுப் பெரிய பையோடு வருகிறார். அவருக்கு மகன் பிறந்து ஐந்து நாள் ஆகிறது. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்கா பஞ்சவர்ணம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.)

முருகேசன்: அக்கா, கடைத்தெருவில் யார் யார் எதைச் சொன்னார்களோ, அதையெல்லாம் பிள்ளைக்காக ஒன்றுவிடாமல் வாங்கி வந்துவிட்டேன்.

பஞ்சவர்ணம்: ஒவ்வொன்றாக எடுத்து வை, தம்பி. அந்தப் பாட்டிலில் என்ன?

முருகேசன்: கழுதைப்பால். ஒரு சங்கு புகட்டினால் மஞ்சள்காமாலை அண்டாது, குரலும் கணீரென்று இருக்கும் என்று கழுதையை ஓட்டி வந்தவர் அடித்துச் சொன்னார்.

பஞ்சவர்ணம்: நேற்று இரவு உன் மகன் அழுததில் பக்கத்துத் தெருவே தூங்கவில்லை, இதற்கு மேலும் கணீரென்ற குரல் எதற்கு? காய்ச்சாத பாலில் இருக்கும் கிருமி பச்சைப்பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. கழுதையைத் தேடி ஓடாதே. அடுத்து?

முருகேசன்: சேனை வைக்க, அதாவது பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கத் தேன்.

பஞ்சவர்ணம்: ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால், கை கால் துவண்டு மூச்சுக்கே ஆபத்தாகிவிடும். அதைப் பரணில் வை.

முருகேசன்: தண்ணீர் கேன் இருக்கிறதே! இந்தக் கத்திரி வெயிலில் எனக்கே நாக்கு வறள்கிறது.

பஞ்சவர்ணம்: தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான், ஆறு மாதம் முடியும் வரை பிள்ளைக்குத் தனியாக ஒரு சொட்டும் வேண்டாம். குடம் குடமாக விலை கொடுத்துக் குடிநீர் வாங்கும் நம் ஊரில், தண்ணீரே கேட்காத ஒரே ஆள் உன் மகன்தான். அவனையும் கெடுத்துவிடாதே.

முருகேசன்: அப்படியானால் இந்தப் பால் பவுடர் டப்பாவாவது உதவும். ஆனால் இதில் ஒரு பிள்ளைப் படம்கூட இல்லை. போலிச் சரக்கோ என்று எனக்கே சந்தேகம்.

பஞ்சவர்ணம்: பிள்ளைப் படம் போடக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது, விளம்பரமும் செய்யக் கூடாது. கொட்டை எழுத்தில் ஒன்று அச்சடித்திருப்பார்களே, படி.

முருகேசன் (எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு): தாய்ப்பால்தான் சிறந்தது என்றல்லவா போட்டிருக்கிறது! விற்கிறவனே இப்படிச் சொன்னால் வாங்குகிறவன் என்ன செய்வான்?

பஞ்சவர்ணம்: வாங்காமல் வருவான். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை.

முருகேசன்: பால் பற்றவில்லை என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார்களே, அக்கா. முதல் நாள் வந்த மஞ்சள் பாலைக்கூடப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொன்னார்கள்.

பஞ்சவர்ணம்: நல்ல வேளையாக, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் அந்தச் சீம்பாலைப் புகட்ட வைத்துவிட்டார். நோய் எதிர்ப்பும் வைட்டமின் ஏ சத்தும் அதில்தான் மிகுதி. பற்றவில்லை என்று யார் சொன்னாலும் நீ துணியை எண்ணிப் பார். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதுமான அளவு போகிறது என்று பொருள். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறுவதும் இயல்புதான். சரி, பிள்ளை பெற்ற உன் மனைவி செல்விக்கு என்ன வாங்கினாய்?

முருகேசன் (பையைத் தலைகீழாகக் கவிழ்த்து): அவளுக்கு… பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் வீட்டில் இருக்கிறதே. தாகம் எடுத்தாலும் தண்ணீரைக் குறைக்கத்தானே பெரியவர்கள் சொல்கிறார்கள்?

பஞ்சவர்ணம்: பால் குடிக்கும் பிள்ளைக்குக் கேன் தண்ணீர், பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் குறைவு! இது எந்த ஊர் நியாயம்? முதல் ஆறு மாதம் அவள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். அவள் அரைவயிறாகக் கிடந்தாலும் பால் ஓரளவு சுரக்கத்தான் செய்யும். ஆனால் பாலுக்கான சுண்ணாம்புச் சத்தை அவள் எலும்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் 180 நாள் விடாமல் விழுங்க வைப்பது உன் பொறுப்பு.

முருகேசன்: பால் கொடுப்பதால் அவளுக்கு நட்டம்தான் என்கிறீர்களா?

பஞ்சவர்ணம்: நன்றாகச் சாப்பிட்டால் லாபம்தான். பிள்ளை சப்பச் சப்பக் கருப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறைகிறது; பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது.

முருகேசன்: அப்படியானால் பால் சுறாப் புட்டு செய்துவிடலாமா?

பஞ்சவர்ணம்: எப்போதாவது செய், புரதம் உண்டு. ஆனால் பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதால்தான், சுறாவின் பெயரில் பால் இருப்பதால் அல்ல. பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவை வேண்டாம். காரலும் சாளையும் வாங்கி வா, அவியலாக வைத்துக் கொடுக்கிறேன்.

முருகேசன்: தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் என்ன விலை விற்கிறது தெரியுமா? அதுவும் டன் கணக்கில் மீன் பிடித்த நான் போய் அரை கிலோ காரலுக்கு நின்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

பஞ்சவர்ணம்: தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போ. அரை கிலோ அல்ல, ஒரு கிலோ.