இரங்கல் குறிப்பின் கடைசி வரி

அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகளில் வரும் இரங்கல் குறிப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. பிறந்த ஊர், பார்த்த வேலை, மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், போன தேவாலயம். எல்லாம் முடிந்த பிறகு போகிற போக்கில் ஒரு வரி: "பிள்ளைகள்மேல் உயிராக இருந்த தந்தை, பல ஆண்டுகள் உள்ளூர் ரோடியோவில் தன்னார்வலராக உழைத்தார்." அத்தோடு சரி. அந்த மனிதர் அங்கே என்னதான் செய்தார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. எழுதாமல் விட்டால் அவர் செய்த வேலையும் அவரோடு போய்விடும், அடுத்த ஜூலையில் யாருக்காவது அடிபடும்.

ரோடியோ என்றதும் நமக்குத் தெரிவது தொப்பி போட்டவர் துள்ளும் காளைமேல் 8 விநாடி உட்கார்ந்திருப்பது. அந்த 8 விநாடிக்கு முன்னும் பின்னும் இருக்கிற நாலு நாளைச் சம்பளமில்லாத ஆட்கள்தான் தூக்கிச் சுமக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில் 1897 முதல் நடக்கும் ஃப்ரான்டியர் டேஸ் விழாவின் பட்டப்பெயரே 'எல்லாத்துக்கும் அப்பன்'. சுமார் 2,500 தன்னார்வலர்கள் இல்லாமல் அந்த அப்பன் எழுந்து நிற்க மாட்டான். ஒரிகனில் செயின்ட் பால் என்றொரு ஊர், மக்கள்தொகை 400 சொச்சம். 1936 முதல் ஜூலை 4-ஐ ஒட்டி அங்கே ரோடியோ நடக்கிறது. அன்றைக்கு ஊரைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும். அவ்வளவு பேருக்கும் வண்டி நிறுத்த இடம் காட்டுவது, டிக்கெட் கிழிப்பது, கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்தத் தந்தையின் வேலைக்கு வருவோம்.

நிரந்தர மைதானம் இல்லாத ஊர்களில் முதல் வேலை பேனல் இறக்குவது. 10 அடி, 12 அடி நீள இரும்புக் குழாய் வேலிகள். ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, மேலிருந்து இரும்பு முளையை இறக்க வேண்டும். மேடுபள்ளமான தரையில் முளை முழுதாக இறங்காது. பாதியில் நிற்கும், பார்க்கிறவருக்கு இறங்கிய மாதிரியே தெரியும். 1,500 பவுண்டு காளை ஒருமுறை தோளால் முட்டினால் அந்த முளை எகிறிவிடும். அதனால் அனுபவசாலிகள் வேலியைச் சுற்றி இரண்டு முறை நடப்பார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு முளையையும் சுத்தியலால் தட்டுவார்கள். அடுத்த சுற்றில் கண்ணை முளையிலிருந்து எடுத்து இடைவெளியில் வைப்பார்கள். ஒரு குளம்பு நுழைகிற அகலம் இருந்தால் போதும், குதிரைக்குக் கால் போய்விடும். அந்த இடத்தைச் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும்.

அடுத்தது மண். இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பார்வையாளர் கண்ணுக்கே படாத வேலை இது. அடியில் கெட்டியான தளம், அதன்மேல் 3 அல்லது 4 அங்குலம் தளர்ந்த மண். தளர்மண் ஆழமானால் குதிரையின் தசைநார் இழுபடும். குறைந்தால் திருப்பத்தில் குளம்பு வழுக்கும். தண்ணீரை முந்தின நாள் இரவே நிறைய விட்டு ஊற விட வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் லாரித் தண்ணீரைப் பீய்ச்சினால் மேல்தோல் மட்டும் நனைந்து சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும், கீழே புழுதி அப்படியே இருக்கும். புதிதாக வருகிற ஆள் தவறாமல் செய்கிற தப்பு இது.

மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றி ஓடுகிற பெண்களின் பீப்பாய்ப் பந்தயத்தில்தான் மண்காரரின் கைத்திறன் தெரியும். மைதானத்தில் இடமிருந்தால் முறையான அளவு இது: முதல் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே 90 அடி, அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டுக்கு 60 அடி. பீப்பாய் விழுந்தால் 5 விநாடி தண்டம். வெற்றி தோல்வி நூறில் ஒரு பங்கு விநாடியில் தீர்மானமாகிற ஆட்டத்தில், டிராக்டர் மண்ணைச் சமப்படுத்திவிட்டுப் போன பிறகு பீப்பாயை ஓரடி தள்ளி வைத்துவிட்டால் பின்னால் ஓடுகிறவர்களுக்கெல்லாம் அநியாயம். பத்துப் பன்னிரண்டு குதிரை ஓடியதும் திருப்பங்களில் குழி விழும், டிராக்டர் திரும்ப வர வேண்டும். அது வட்டமடிக்க வட்டமடிக்க மண் வேலியோரமாக ஒதுங்கிக்கொண்டே போகும். அதை நடுவுக்கு இழுத்துக்கொண்டு வருவது ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற வேலை.

காளையும் குதிரையும் நிற்கிற குறுகிய இரும்புக் கூண்டின் கதவுக்கு வருவோம். வீரர் தலையசைத்ததும் ஒருவர் தாழ்ப்பாளை விடுவார், இன்னொருவர் கயிற்றால் கதவை இழுப்பார். இழுத்தால் முழுவதுமாக, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்தால் விலங்கு இடிக்கும், கதவு திரும்பி வந்து வீரரின் முழங்காலில் அடிக்கும். நடுவர் மறுசவாரி தரலாம், முழங்காலைத் திருப்பித் தர முடியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. விலங்கு கதவை உதைத்தால் கயிறோடு ஆளும் போவார். வெற்றுக் கையால் பிடிப்பதும் தப்பு, கையுறை வேண்டும்.

கன்றுக்குக் கயிறு வீசும் போட்டியில் வேலை இதைவிட நுணுக்கம். கன்று 220 முதல் 280 பவுண்டு இருக்கும். அதை முதலில் கொஞ்ச தூரம் ஓட விட வேண்டும் என்பதால் வீரரின் குதிரைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். கன்றின் கழுத்திலிருக்கும் இன்னொரு கயிறு, குறித்த தூரம் ஓடியதும் அந்தத் தடுப்பை விடுவித்துவிட்டுத் தானும் கழன்று விழும். கழுத்துக் கட்டு மெல்லிய நூலில் இருக்க வேண்டும். இறுகினால் கன்றோடு போகும், தளர்ந்தால் தடுப்பு திறக்கும் முன்பே நழுவும். தடுப்பை முந்தி உடைத்தவருக்கு 10 விநாடி தண்டம், அதாவது அன்றைய பரிசுப்பணம் போயிற்று. கட்டுகிறவர் விரல் தவறினால் அந்தப் பழி வீரர் தலையில்.

விலங்குகளை வதைக்கிற ஆட்டம் இது என்று சொல்கிறவர்களின் பேச்சை நான் ஒதுக்க மாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொழில்முறை ரோடியோ விதிகள் கால்நடை மருத்துவர் களத்தில் இருக்க வேண்டும் என்றும், குதிரையைத் துள்ள வைக்க இடுப்பில் கட்டும் பட்டையில் ஆட்டுத்தோல் உறை வேண்டும் என்றும் சொல்கின்றன. சவாரி முடிந்த குதிரையை ஒதுக்கிப் பட்டையைக் கழற்றுவது, ஜூலை வெயிலில் தண்ணீர்த் தொட்டி காயாமல் பார்ப்பது, விலங்கை மின்னதிர்ச்சியால் விரட்டும் மின்கோலைத் தூக்குகிற இளவட்டத்தைப் "போடா அந்தப் பக்கம்" என்று விரட்டுவது எல்லாம் பின்கட்டில் நிற்கிற இந்த மனிதர்தான். விதி காகிதத்தில் இருக்கும், அதை நடத்துகிறவர் தொட்டியோரம் நிற்பார்.

இனி 'தந்தை' என்ற சொல். இரங்கல் எழுதுகிறவர்கள் தந்தையை ஒரு வரியிலும் ரோடியோவை இன்னொரு வரியிலும் வைக்கிறார்கள். சிற்றூரில் அப்படிப் பிரிக்க முடியாது. எட்டு வயதுப் பிள்ளை வேலைசெய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும். பன்னிரண்டில் கன்றுகளைத் திரும்ப ஓட்டும். பதினாறில் தாழ்ப்பாளைத் தொட விடுவார்கள், அதுவும் பக்கத்தில் ஆள் நிற்கும்போது. ஆட்டுச் சவாரிக்கு வருகிற குழந்தைகள் பெரும்பாலும் 60 பவுண்டுக்குக் கீழே. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, ஆட்டின் கூடவே ஓடி, விழும் குழந்தையைக் குளம்படியிலிருந்து இழுப்பதும் இதே தந்தைதான். அவர் பிள்ளை என்றைக்கோ வளர்ந்து போயிருக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக ஓடுவார்.

மகன் காளைமேல் ஏற வேண்டும் என்று பிடித்துத் தள்ளுகிற தந்தைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். 1989 ஜூலை 30 அன்று ஷயானில் காளைச் சவாரி வீரர் லேன் ஃப்ராஸ்ட் சவாரியை முடித்துக் கீழே இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தார். அதற்குப் பிறகுதான் பாதுகாப்புக் கவசம் பரவலானது. கவசம் இல்லாத பையனிடம் "இன்றைக்கு ஏறாதே" என்று சொல்லி அவனுடைய கோபத்தை வாங்கிக்கொள்கிறவரையே நல்ல தந்தை என்பேன்.

அதனால் குடும்பத்தாருக்கும் விழாக்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அவர் படத்தைப் போட்டு ஒரு மலர்வளையம் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்தப் பேனலின் கொக்கி வளைந்திருக்கிறது, எந்தக் கதவு ஈரத்தில் இறுகும், தண்ணீர் லாரியின் வால்வு எத்தனை சுற்று. அவரோடு கூட நின்றவர்களை ஒரு மாலை உட்காரவைத்து, மறக்கும் முன் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். இன்னும் இருக்கிறவர்களிடம் இந்த வாரமே ஒரு பையனைச் சேர்த்துவிடுங்கள்.

ரோடியோவில் ஒருவரை நினைவுகூர ஒரு பழைய வழக்கம் உண்டு. சேணம் பூட்டிய, ஆளில்லாத குதிரையை மைதானத்தைச் சுற்றி நடத்திவருவார்கள். சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில் அவருடைய பூட்ஸ் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். சாதுவான குதிரையாகத் தேர்ந்தெடுங்கள். கைதட்டலுக்கு மிரளக் கூடாது. பூட்ஸ் வயிற்றில் அடிக்காதபடி வளையத்தோடு கட்டிவிடுங்கள். ஒரு சுற்று போதும். குதிரை வெளியே போனதும் மண்ணைச் சமப்படுத்த டிராக்டர் வர வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.