அகதிகள் எல்லாரும் பணக்கார நாடுகளுக்கா போகிறார்கள்?

"உலகத்து அகதிகள் எல்லாரும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும்தான் படையெடுக்கிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2023 இறுதியில் போராலும் வன்முறையாலும் வீட்டைவிட்டு ஓடிய நிலையில் இருந்தவர்கள் சுமார் 11.7 கோடிப் பேர். பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நாட்டின் எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இருப்பது ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பெரும்பாலோர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. எவ்வளவு தூரம்தான் நடப்பார்கள்?

பணக்கார நாடுகள் அகதிகளுக்கு உதவப் பணம் தருவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி விரும்பிக் கொடுக்கும் நன்கொடை, கட்டாயச் சந்தா அல்ல. அது குறைந்தபோது, 2023-ல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதி ஒருவருக்கான மாத உணவு உதவி 12 டாலரிலிருந்து 8 டாலருக்கு இறங்கியது.