இரண்டு மானிட்டருக்கும் ஒரே ஸ்கேலிங்தான் என்பது சரியல்ல

4கே மானிட்டரையும் பழைய 1080பி மானிட்டரையும் சேர்த்துப் போட்டால் விண்டோஸில் இரண்டுக்கும் ஒரே ஸ்கேலிங்தான் (எழுத்தையும் ஐகான்களையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்ற அளவு) வைக்க முடியும், அதனால் 4கே-யின் ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துவிடுங்கள் என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியல்லங்க. விண்டோஸ் 8.1 வந்த 2013-லிருந்தே ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி அளவு இருக்க முடியும், விண்டோஸ் 10-லிருந்து அதை நாமே தனித்தனியாக வைக்கலாம்.

நீங்களே பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் தெரியும். 1 என்பது 4கே மானிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1-ஐச் சொடுக்கி, கீழே ஸ்கேல் என்ற இடத்தில் 150% வையுங்கள், அப்புறம் 2-ஐச் சொடுக்கி 100% வையுங்கள், திரும்ப 1-க்கு வந்து பார்த்தால் 150% அப்படியே இருக்கும். பெட்டியைத் தேர்ந்தெடுக்காமல் நேராகக் கீழே போய் மாற்றுவதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். கஸ்டம் ஸ்கேலிங் என்ற இடத்தில் 100 முதல் 500 வரை நாமே ஒரு எண்ணைத் தட்டினால், அது மட்டும் எல்லா மானிட்டருக்கும் சேர்த்துத்தான் பொருந்தும். அதை நீக்கி, சைன் அவுட் செய்து உள்ளே வந்தால் தனித்தனி அளவு திரும்பக் கிடைக்கும்.

தயவுசெய்து ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். 3840க்கு 2160 புள்ளிகள் உள்ள திரையை 1920க்கு 1080 ஆக்கினால் நாலில் ஒரு பங்கு விவரம்தான் மிஞ்சும், காசு கொடுத்து வாங்கிய அந்தத் தெளிவான எழுத்து போய்விடும்.