இன்னொரு தடவை ‘டிரைவரை அப்டேட் பண்ணுங்க’ன்னு சொன்னா...

காலை 9.30க்கு மீட்டிங். என் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். 9.20க்கு விண்டோஸைத் திறந்து ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டினால் காதுக்குள் மயான அமைதி. முந்தின இரவு இதே கணினியில், இதே நாற்காலியில், லினக்ஸில் பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன். விடிவதற்குள் ஹெட்செட்டுக்கு நான் யாரென்றே தெரியாமல் போய்விட்டது.

கடைக்காரரைக் கேட்டால் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், கோளாறாம். ஹெல்ப்லைனைக் கேட்டால் டிரைவர். ஆபீஸ் ஐடி தம்பியும் டிரைவர்தான் என்றான். கணினியில் சீட்டாட்டம் தவிர எதுவும் அறியாத என் மச்சான்கூட, “டிரைவரா இருக்கும் மாமா” என்கிறான்! நானும் நம்பி நீக்கினேன், மறுபடி போட்டேன், லினக்ஸின் மூலக்கருவான கர்னலைக்கூட மாற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு. இதில் கொடுமை என்னவென்றால், கணினியின் பட்டியலிலிருந்து ஹெட்செட்டை நீக்கிவிட்டுப் புதிதாக ‘பேர்’ (pair) செய்தால், அதாவது இரண்டையும் ஜோடி சேர்த்தால், உடனே பாடும். “பாத்தீங்களா, டிரைவர்தான்!” அணைத்துவிட்டு அடுத்த இயங்குதளத்தில் திறந்தால் மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி.

ஐயா, டிரைவர் மேல் ஒரு பாவமும் இல்லை. ப்ளூடூத்தில் இரண்டு கருவிகள் முதன்முதலாகச் சேரும்போது தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. 128 பிட், எழுதிப் பார்த்தால் 32 எழுத்து. ஹெட்செட் அதை என் கணினியின் ப்ளூடூத் முகவரிக்கு நேரே குறித்துக்கொள்ளும். அந்த முகவரி சிப்போடு வந்தது. உள்ளே ஓடுவது விண்டோஸா லினக்ஸா என்று ஹெட்செட்டுக்கு எப்படித் தெரியும்? விண்டோஸில் பேர் செய்தால் பழைய சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் பழைய சாவியோடு வாசலில் நிற்கிறது. பூட்டு மாறிப்போன வீட்டை எவ்வளவு நேரம் திருகுவது?

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஒருத்தர் சொல்லவில்லை.

வழி இதுதான்: முதலில் லினக்ஸில் பேர் செய்யவும், அப்புறம் விண்டோஸில். கடைசியாக உண்டான விண்டோஸ் சாவிதான் செல்லும். அதை லினக்ஸுக்குக் கொண்டுபோகவேண்டும். எங்கே இருக்கிறது என்கிறீர்களா? விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள், ‘பிடிஹெச்போர்ட்’ என்ற இடத்தில், ‘கீஸ்’ என்ற அறையில். அட்மினிஸ்ட்ரேட்டராகப் போய் நின்றாலும் காலியாகத்தான் காட்டும், ‘சிஸ்டம்’ கணக்குக்கு மட்டுமே திறக்குமாம். என் பீரோவை நானே திறக்க பிஎஸ்எக்ஸெக் என்ற மென்பொருள்தான் கள்ளச்சாவி! அது பிடிக்காவிட்டால் லினக்ஸிலிருந்து வன்தட்டில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனுக்குள் நுழைந்து எடுக்கலாம். அந்த 32 எழுத்தையும் லினக்ஸின் ப்ளூடூத் கோப்புறையில் ஹெட்செட்டின் பெயரில் அல்ல, முகவரியின் பெயரில் இருக்கும் ‘இன்ஃபோ’ கோப்பில், ‘லிங்க்கீ’ என்ற பகுதியில், காற்புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுதி, ப்ளூடூத் சர்வீஸை மறுபடி தொடங்கவேண்டும். அவ்வளவுதான். புதுவகை மவுஸ், கீபோர்டு என்றால் ஒரு சாவி போதாது, கூட இரண்டு மூன்று எண்களும் வேண்டும். அதைப் பற்றி இப்போது பேசினால் அழுதுவிடுவேன்.

இத்தோடு விட்டதா? விண்டோஸ் 8 காலத்தில் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ புண்ணியத்தில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அரைத்தூக்கம். அந்த நிலையில் லினக்ஸுக்குப் போனால் சில கணினிகளில் ப்ளூடூத் சிப்பே கண்ணில் படாது. அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தித் தொலைத்தேன்.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயராம் ‘ப்ளூடூத்’. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவன் என்று அந்தப் பெயரை வைத்தார்களாம். ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துவைக்க துப்பில்லை, பேச்சு மட்டும் ராஜபரம்பரை.

சரி, ஒருவழியாக நேற்று இரண்டு பக்கமும் பாடியது. இன்று மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்து வணக்கம் சொன்னேன். ஐடி தம்பி சிரித்தான்: “இப்ப கேக்குது சார். டிரைவர்தானே?”

மியூட்டில் போட்டுவிட்டேன்.