தடை வேறு, தேடலில் மறைப்பது வேறு

"2025 ஜூலையில் கேம் விற்கும் இணையத் தளங்களான ஸ்டீமும் இட்ச்.ஐஓவும் வயது வந்தோருக்கான கேம்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டன" என்பது தவறு. இதை நம்பி யாரும் தாங்கள் பாதி உருவாக்கிய ஆர்பிஜியை (பாத்திரமேற்று ஆடும் கேமை) கைவிட்டுவிடக் கூடாது.

ஸ்டீம் சேர்த்தது ஒரே ஒரு விதி: பணம் செலுத்தும் சேவைகள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகளின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கம் கூடாது, குறிப்பாக "சில வகை" வயது வந்தோர் உள்ளடக்கம். எந்த வகை என்று பட்டியல் தரவில்லை. உண்மையான தலைவலி அதுதான். அப்போது நீக்கப்பட்டவற்றில் பல, தகாத உறவைக் கருவாகக் கொண்டவை. மற்ற வயது வந்தோர் கேம்கள் தொடர்ந்து விற்பனையில் இருந்தன.

இட்ச் வயது வந்தோர் கேம்களைத் தேடலிலிருந்து மறைத்தது. பெரும்பாலானவை நேரடி இணைப்பில் திறந்தன. இலவசமானவை ஜூலை 31 முதல் தேடலுக்குத் திரும்பத் தொடங்கின.

எந்த வகை நீக்கப்படும் என்று தெரியாததால், வயது வந்தோர் காட்சிகளைப் பிரித்தெடுக்கக்கூடிய தனிக் கோப்புகளாக வையுங்கள். குவெஸ்ட் (கேமில் தரப்படும் பணி) முடிந்ததைக் குறிக்கும் ஸ்விட்சை (ஆன்/ஆஃப் குறியை) அந்தக் காட்சிக்குள் ஆன் செய்யாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: காட்சியை வெட்டியதும் ஸ்விட்சும் போய்விடும், கதை அங்கேயே நின்றுவிடும். ஸ்விட்சை, காட்சியைக் கூப்பிடும் நிகழ்வில் (ஈவென்ட்), காட்சி முடிந்தபின் வரும் வரியில் வையுங்கள்.

ஸ்டீமில் கேம் வெளியிடுவோருக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளம் கேட்கும் உள்ளடக்கக் கேள்விகளுக்கு எதையும் மறைக்காமல் பதில் கொடுங்கள். 100 டாலர் கட்டணம் செலுத்தி 30 நாள் கழித்துத்தான் முதல் கேமை வெளியிட முடியும். கேமின் 'விரைவில்' (Coming Soon) பக்கமும் குறைந்தது 2 வாரம் திறந்திருக்க வேண்டும். ஸ்டீம் தன் மறுஆய்வில் திருத்தம் கேட்டால் அதற்கும் நாள் வேண்டும், தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.