தரையை ஒட்டிப் பறந்தால் ட்ரோனுக்குப் பாதுகாப்பா?

"புதிதாக ட்ரோன் ஓட்டுபவர்கள் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) துளித்துளியாகக் கூட்டி, முதலில் தரையை ஒட்டியே பறந்து பழகுங்கள், விழுந்தாலும் சேதம் இருக்காது" என்று ஓர் அறிவுரை சுற்றி வருகிறது. கேட்க நியாயமாகத் தெரிந்தாலும் இது தவறு.

ப்ரொப்பெல்லர்கள் கீழே தள்ளும் காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். அந்தக் கலங்கிய காற்றுக்குள் நிற்கும் ட்ரோன் தானாகவே தள்ளாடும், நழுவும். அதைவிட மோசமானது பாதி எழும்பிய நிலை. ஒரு கால் புல்லில் சிக்கி, மற்ற பக்கம் தூக்கினால் ட்ரோன் அப்படியே கவிழ்ந்து, சுழலும் ப்ரொப்பெல்லர் தரையில் அடித்து உடையும். பக்கத்தில் யாராவது நின்றால் காயமும் படலாம்.

சரியான முறை இதுதான்: சமதளமான இடத்தில் வைத்து, சில மீட்டர் தள்ளி நின்று, தயங்காமல் மார்பளவு உயரத்துக்கு எழுப்புங்கள். அங்கே சில நொடிகள் நிறுத்தி, நிலையாக நிற்கிறதா, ரிமோட்டில் உள்ள ஸ்டிக்குக்குச் சரியாகக் கட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

இறக்குவதற்குத்தான் நிதானம் வேண்டும். நேர்க்கீழாக வேகமாக இறக்கினால் ட்ரோன் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே சிக்கித் தூக்குவிசையை இழக்கும். அப்போது த்ராட்டிலைக் கூட்டினால் மட்டும் போதாது. முன்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்த்தி அந்தச் சுழலிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். கடைசி அரை மீட்டரில் மட்டும் இழுத்தடிக்காதீர்கள். தரை தொட்டதும் மோட்டாரை நிறுத்துங்கள், ப்ரொப்பெல்லர் முழுதாக நின்ற பிறகே கையை நீட்டுங்கள்.